முட்டியைத் தாண்டாத மோதிரம்

இருளாயிக்கு நாற்றம் புதிதல்ல. சின்ன வயதிலேயே ரப்பர்ப் பால் வாளி தூக்கியவள். மரத்திலேயே உறைந்துபோன ஒட்டுப்பாலை மூட்டை கட்டித் தலையில் ஏற்றி, அதன் அழுகல் நீர் பிடரியில் வழிய வழிய ஆத்தடித் தோட்டத்து ஸ்டோருக்கு நடந்தவள். வயிறு சரியில்லாத பிள்ளைகளையும் பிரசவித்த பெண்களையும் லயத்தில் கூச்சமில்லாமல் பார்த்துக்கொண்டவள். அதிலெல்லாம் அவள் மூக்கைச் சுளித்ததாக யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு அருவருப்பு என்று ஒன்று இருந்தால் அது அவள் புருஷன் அப்பாவுவின் மேல்தான். அதுவும் அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தைவிட, குடியை விட்டு நல்லவரான பிறகு அதிகமானது.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுச் செம்பனை போட்ட பிறகு, குடும்பம் ஈப்போ நகருக்கு வந்து புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறியது. மகன் சீனி நகராட்சிப் பண்டகசாலையில் குமாஸ்தா. மகள் மங்களத்தைப் பஸ் தூரத்தில் இருந்த ஜெலாப்பாங்கில் கட்டிக்கொடுத்தாயிற்று. அங்கேயே சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. இருளாயியும் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டினில் தட்டுக் கழுவினாள். அப்பாவுவுக்கு மட்டும் வேலை கிடையாது. இனிப்புநீர் வியாதி வந்து ஒருநாள் பாசாரில் மயங்கி விழுந்தவர், அதோடு சம்சுச் சாராயத்தை விட்டார். நெற்றி நிறைய விபூதி பூசினார். கோயில் கமிட்டியில் சேர்ந்தார். குடிக்கிற பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குடும்பம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். புந்தோங்கில் அவரை எல்லாரும் ஐயா என்றார்கள்.

அவருடைய இடது காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் இருளாயிதான் அதைக் கழுவிக் கட்டுவாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூலின் மேல் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு முருகன் பாட்டை முணுமுணுப்பார். பழைய கட்டு புண்ணோடு ஒட்டியிருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டு நனைத்து நனைத்துப் பிரிக்கவேண்டும். பிரிந்ததும் செத்த எலி நாற்றம் வீடு முழுக்கப் பரவும். ஓரத்தில் தொங்கும் வெள்ளைத் தோலைப் பஞ்சால் துடைத்து, மஞ்சள் மருந்து வைத்துக் கட்டி முடிக்கும்வரை அவள் மூச்சை அரைகுறையாகத்தான் விடுவாள்.

அந்த நேரத்தில் யாராவது வந்துவிட்டால் அப்பாவு கண்ணைத் திறந்து, இவள் எனக்குத் தாயார் மாதிரி, போன ஜென்மத்துப் புண்ணியம் என்பார். வந்தவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். இருளாயிக்குப் புண்ணைவிட அந்தப் பேச்சுதான் குமட்டும். வாசலில் கிடக்கும் நாய்க்குக் காலில் புழு வைத்தாலும் இதே மாதிரி கழுவித்தான் விட்டிருப்பாள். அதைப் பக்தி என்று பேர் சூட்டி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாரே என்று எரிச்சலாக வரும்.

எண்பத்து நாலாம் ஆண்டு அப்பாவுவுக்கு அறுபது. பிள்ளைகள் இரண்டு பேரும் கூடிப் பேசி, அறுபதாம் கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்தார்கள். கோயில் மண்டபம், ஐயர், நாதஸ்வரம், ஊர்ச் சாப்பாடு. தாலி கட்டுவதோடு மோதிரமும் மாற்றவேண்டும் என்றாள் மங்களம்; இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள், படம் எடுத்தால் அழகாக இருக்கும். சீனிக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தின் சிறப்பை நாலு பேர் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்றாள் இருளாயி. அம்மாவுக்கு வெட்கம் என்று சிரித்தார்கள். வெட்கமில்லை, பிடிக்கவில்லை என்றாள். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்பாவு நாற்காலியில் இருந்தபடி, பிள்ளைகள் ஆசையைக் கெடுக்காதே என்று கனிந்த குரலில் சொன்னார். அந்தக் கனிவு அவள் முதுகில் அட்டை ஊர்வதுபோல ஊர்ந்தது.

இந்தக் கல்யாணத்தில் இருளாயிக்குப் பிடிக்காதது மொத்தமும்தான். ஆனால் அவளை உண்மையிலேயே உறுத்தியது மோதிரம். அதற்குக் காரணம் பன்னிரண்டு வருடம் பழையது.

எழுபத்திரண்டில் அவளிடம் ஒரு மோதிரம் இருந்தது. யாரும் கொடுத்ததல்ல. தோட்டத்துப் பெண்களோடு கூட்டுச் சீட்டுக் கட்டி, முறை வந்தபோது காம்பார் டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், தானே விரலில் போட்டுப் பார்த்து வாங்கியது. மெல்லிய வளையம், கல்கூடக் கிடையாது. வலது கை மோதிர விரலில் அதை அவள் கழற்றியதே இல்லை. பால்மரம் வெட்டும்போதும் பால் ஊற்றும்போதும் அது இருந்தது. தனக்கென்று ஒன்றை வாங்கினோம் என்ற நினைப்பு அவளுக்கு அந்த ஒரு தடவைதான் வாய்த்தது.

ஒருநாள் வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்த அப்பாவு, கனவில் நாலு நம்பர் வந்தது, விடக்கூடாது, மோதிரத்தைக் கொடு என்றார். காம்பார் அடகுக்கடையில் வைத்து அந்தப் பணத்தில் லாட்டரி நம்பர் எழுதவேண்டுமாம். அன்று அவர் குடித்திருக்கவில்லை. அதை இருளாயி நன்றாக நினைவில் வைத்திருந்தாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகத்தான் கேட்டார். முடியாது என்றாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து, பலகைச் சுவரோடு சேர்த்து வைத்து, மோதிரத்தை உருவினார். வேர்வையில் ஊறிய விரல். முட்டியில் போய் நின்றது. அவர் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, திருகாணியைத் திருகுவதுபோல விரலைத் திருகினார். ஏதோ நறுக்கென்றது. மோதிரம் வந்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரிடம் அவரே கூட்டிப்போனார். தோளில் வாளி தொங்கவிடும் காண்டாக் கட்டைக்கும் வாளிக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொண்டது என்று அவரே சொன்னார். டிரஸர் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒன்றை வைத்துக் கட்டி அனுப்பினார். நம்பர் விழவில்லை. அன்று சாயங்காலம், அடகு வைத்துவிட்டுக் காம்பாரிலிருந்து வந்தபோது அப்பாவு பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கி வந்தார். சீனிக்கு அப்போது பதினாறு வயது. மத்தியானம் அவன் வீட்டில்தான் இருந்தான். சத்தம் கேட்டு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்து விளையாடப் போய்விட்டான். சாயங்காலம் வந்து பிஸ்கட்டைத் தின்றான். இரண்டும் இருளாயிக்கு ஞாபகம் இருந்தது.

விரல் சேர்ந்தது. ஆனால் முட்டி மட்டும் பாக்குக்கொட்டை அளவுக்கு உருண்டு நின்றது. கத்தி பிடிக்க வலிக்கும், பழகிக்கொண்டாள். அந்த மோதிரம் திரும்பி வரவில்லை.

மோதிரத்துக்கு அளவு கொடுக்க, சீனி ஒரு சனிக்கிழமை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சின்னையா பத்தரின் கடைக்குப் போனான். புந்தோங் கடைத்தெருவில் சின்னக் கடை அது. முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் பட்டறை. பத்தர் ஒடிசலான மனிதர், வாய்க்குள்ளேயே பேசுவார். ஒரு பெரிய வளையத்தில் கோத்த அளவு மோதிரங்களை எடுத்து, இருளாயியின் விரலில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். விரலின் அடிக்குச் சரியாக இருந்தது முட்டியைத் தாண்டவில்லை. முட்டியைத் தாண்டியது அடியில் போய் லொடலொடவென்று சுற்றியது.

பத்தர் அவளுடைய கையை விளக்குப் பக்கம் திருப்பினார். வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் தொட்டார்.

"மத்த விரல்லாம் நல்லாத்தானே இருக்கு. இது மட்டும் ஏன்கா இப்படி?" என்றார்.

இருளாயி வாயைத் திறக்கும் முன் சீனி முந்திக்கொண்டான். "கித்தாக் காட்டுல மரம் வெட்டி உழைச்ச கை அண்ணே. எங்கள ஆளாக்குன கை." கோயில் மேடையில் பேசுகிற குரலில் சொன்னான். சொல்லிவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டான். ஒருவேளை அதை மண்டபத்தில் பேசுவதற்கும் வைத்திருந்தானோ என்னவோ.

இருளாயிக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே அப்படி.

"மரம் வெட்டுனா ஒத்த முட்டியா லா வீங்கும்?" என்றாள். சீனியைப் பார்க்கவில்லை, பத்தரைப் பார்த்துத்தான் சொன்னாள். "இந்த விரல்ல ஒரு மோதிரம் இருந்துச்சு பத்தரே. இவங்கப்பா உருவுனாரு, வரல. முறுக்குனாரு. மோதிரம் வந்துருச்சு, முட்டி போயிருச்சு. அதே விரலுக்குத்தான் இப்ப இவங்க மோதிரம் போடுறாங்க."

பத்தர் அளவு வளையங்களை மெல்ல மேசையில் வைத்தார். வெளியே ஒரு பஸ் போனது. சீனி அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழச எதுக்கும்மா இங்க வந்து பேசுற," என்றான் கடைசியில். "அப்பா இப்ப அப்படியா இருக்காரு? மாறிட்டாரு லா."

"நீ அன்னிக்கு வீட்டுலதான இருந்த."

சீனி பைக்குள் வண்டிச் சாவியைத் தேடினான். கழுத்துவரை சிவந்துபோனான். இல்லை என்று சாதித்திருந்தால்கூட இருளாயிக்குத் தேவலையாக இருந்திருக்கும். மகன் மறந்துவிட்டான் என்று இத்தனை வருடம் தனக்குத் தானே சொல்லிவந்தாள். அவன் மறக்கவில்லை, எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தான்.

பத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொழிலுக்குத் திரும்பினார். இப்படிப்பட்ட விரலுக்கு மூன்று விதமாகச் செய்யலாம் என்றார். கொஞ்சம் பெரிதாகச் செய்து, உள்பக்கம் அடியில் மிளகளவு இரண்டு குண்டுகள் ஒட்டிவிடுவது ஒன்று. முட்டியைத் தாண்டிய பிறகு அந்தக் குண்டுகள் சதையில் உட்கார்ந்து மோதிரத்தைச் சுற்றவிடாது. ஆனால் அது சுமாரான முட்டிக்குத்தான் ஆகும். அடிப்பக்கம் சேர்க்காமல் திறந்து விடுவது இன்னொன்று. சேலையில் மாட்டி இழுக்கும். மூன்றாவது, கதவு மாதிரி ஒரு பக்கம் கீலும் மறுபக்கம் கொக்கியும் வைப்பது. முட்டியின் மேல் ஏற்றவே வேண்டாம். திறந்து, விரலின் அடியில் வைத்து மூடிவிடலாம். மூட்டுவாதம் வந்த ஒரு சீன ஈயலம்பத் தவுக்கேவுக்கு, அதாவது ஈயச் சுரங்க முதலாளிக்கு, செய்து கொடுத்திருக்கிறாராம்.

"உங்களுக்கு எது வேணும்கா?" என்று கேட்டார்.

"எது சுருக்கா கழட்ட வரும்?"

"கீல் வச்சதுதான். நகத்தால தள்ளுனா போதும். ஒத்தக் கையாலயே கழட்டிரலாம்."

"அதையே செய்யுங்க."

திரும்பும்போது சீனி பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினான். பத்தரோடு போகட்டும், வேறு யாரிடமும் இதைச் சொல்லவேண்டாம், பெண் வீட்டார் காதில் விழுந்தால் என்ன ஆவது என்று கெஞ்சினான். வண்டியை எடு என்றாள் இருளாயி. வழக்கமாக அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்பவள், அன்று சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மோதிரத்தைப் போட்டுப் பார்க்க அவள் தனியாகப் போனாள். கேண்டின் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் போனபோது கையில் இன்னும் சோப்பு வாசம் இருந்தது. பத்தர் பட்டுத் துணியிலிருந்து அதை எடுத்தார். மேலே சின்னச் சிவப்புக் கல். கீல் எங்கே இருக்கிறது என்று தடவினால்தான் தெரிந்தது. திறந்து, விரலின் அடியில் வைத்து மூடினார். ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இருளாயி கையை உதறிப் பார்த்தாள். கல் மேலேயே நின்றது. விரலை மடக்கி நீட்டினாள். முட்டியில் இடிக்கவில்லை, சதையைக் கவ்வவில்லை, போட்டிருப்பதே தெரியவில்லை. நகத்தால் தள்ளிக் கழற்றினாள். மறுபடி போட்டாள். சோப்புத் தண்ணீரில் ஊறவிட வேண்டாம், கீலில் அழுக்குச் சேரும் என்று பத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அது பிடித்துப்போனது. பிடித்தது என்று தெரிந்ததும் தன்மேலேயே கோபம் வந்தது. அப்பாவு போட்டுவிடப்போகிற மோதிரத்தை இப்படியா திருப்பித் திருப்பிப் பார்ப்பது? சட்டென்று கழற்றிப் பத்தர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. அப்பாவு பட்டு வேட்டியில், சந்தனமும் மாலையுமாக மணையில் உட்கார்ந்திருந்தார். இடது காலில் கட்டின்மேல் மங்களம் வெள்ளைப் பட்டுத் துணி சுற்றிவிட்டிருந்தாள். அதன் மேல் அத்தர் தெளித்திருந்தார்கள். அத்தரின் அடியிலிருந்து அந்தப் பழைய நாற்றம் இருளாயிக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர் கமிட்டித் தலைவர் சன்னாசி. முப்பத்து நாலு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது, இளைஞர்கள் ஐயாவிடம் பாடம் படிக்கவேண்டும் என்று அவர் பேசினார். அப்பாவு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், நியாயமாக வரவேண்டியதை வாங்கிக்கொள்பவரைப்போல.

மோதிரத்தின் கொக்கியைத் திறந்து அப்பா கையில் கொடுக்கவேண்டும் என்று பத்தர் சீனிக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தார். கூட்டத்தில் சீனி அதை மறந்தானோ, யாரோ அவசரப்படுத்தினார்களோ, மூடியபடியே தாம்பாளத்தில் வந்தது. அப்பாவு எடுத்து, இருளாயியின் விரல் நுனியில் மாட்டித் தள்ளினார். முட்டியில் போய் நின்றது. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு இன்னொரு தடவை தள்ளினார். நல்லாத் தள்ளுங்க ஐயா, அறுபது வயசு பலம் தெரியட்டும் என்று சன்னாசி ஒலிபெருக்கியில் கிண்டல் செய்தார். யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொன்னார்கள்.

அது கீல் வைத்தது என்று சொல்லத்தான் இருளாயி நிமிர்ந்தாள். அதற்குள் அப்பாவு இடது கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலது கைக் கட்டைவிரலை முட்டியின்மேல் அழுத்தி, மோதிரத்தைத் திருக ஆரம்பித்தார். அவருடைய முகம் மிகக் கிட்டத்தில் இருந்தது. வெற்றிலையும் விபூதியும் கலந்த மூச்சு. நாக்கு நுனி பல்லிடுக்கில் வந்து நின்றது.

இருளாயி கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"விடுங்க," என்றாள்.

"இரு, இன்னும் கொஞ்சந்தான்."

"விடு," என்றாள் இருளாயி. அதுவரை அவரை அவள் ஒருமையில் பேசியதே இல்லை. "ஒரு தடவ முறிச்சது போதாதா ஒனக்கு?"

அவள் கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிற குரல்தான். ஆனால் தம்பதிகள் வெட்கப்பட்டுப் பேசுவதைக் கூட்டத்துக்குக் கேட்கவைக்கலாம் என்று சன்னாசி அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியை அவர்கள் நடுவில் நீட்டியிருந்தார். வாசலில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர்வரை அது கேட்டது. முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பின்வரிசையில் விஷயம் புரியாதவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். அப்பாவுவின் கை தானாக விலகியது. சன்னாசி நாதஸ்வரக்காரரைப் பார்த்து அவசரமாகக் கையை ஆட்டினார்.

நாதஸ்வரம் உரக்க எழும்பியது. இருளாயி முட்டியில் மாட்டி நின்ற மோதிரத்தை எடுத்து, நகத்தால் கொக்கியைத் தள்ளித் திறந்து, தானே விரலில் போட்டு மூடிக்கொண்டாள். பிறகு மணையில் சரியாக உட்கார்ந்தாள். தாலி கட்டினார்கள்; தலையைக் குனிந்து கொடுத்தாள். சமைத்த சோறு இருக்கிறது, வந்த சனம் இருக்கிறது, எழுந்து போய்விட முடியுமா? புருஷன் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னபோது மட்டும் அவள் அசையவில்லை. மங்களம் குனிந்து காதில் கெஞ்சினாள்.

"தெனமும் காலையில புடிக்கிற காலுதான்," என்றாள் இருளாயி. "இன்னிக்கு லீவு."

வீட்டுக்கு வந்ததும் மங்களம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். காண்டாக் கட்டைக் கதையைத்தான் அவள் இதுவரை நம்பியிருந்தாள். இருளாயி உள்ளதைச் சொன்னாள். மங்களம் அழுதாள். சீனி அழவில்லை. ஊர் சிரிக்கிறது, இனி எவன் பெண் கொடுப்பான், ஒருநாள் பொறுத்திருக்கக்கூடாதா என்று குதித்தான். அப்பாவு பட்டு வேட்டியைக்கூட மாற்றாமல், பாவம் செய்தவன் நான்தான், என்னை எல்லாரும் பேசுங்கள் என்று பொதுவாக, கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பாவம் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மறுநாள் காலை இருளாயி வெந்நீர் போட்டாள். உப்பு, பஞ்சு, மருந்து, துணி எல்லாவற்றையும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். பிறகு சீனியைக் கூப்பிட்டு, இனிமேல் நீ கட்டு என்றாள். அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்றான். எனக்கும்தான் என்றாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். கட்டைப் பிரித்த மாத்திரத்தில் எழுந்தோடிப் பின்பக்கச் சாக்கடையில் வாந்தி எடுத்தான். அவனுடைய முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எனக்கும் மொத நாளு அப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "வாயால மூச்சு விடு."

நாலைந்து நாளில் அவன் பழகிக்கொண்டான். அடிக்கடி விடுப்பு எடுத்துக் கிளினிக்குக்கும் கூட்டிப்போனான். கமிட்டி ஆட்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. கோயிலில் அப்பாவுவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குடிகாரப் பையன்களுக்குப் புத்தி சொல்ல அவரை யாரும் கூப்பிடவும் இல்லை.

ஒரு மத்தியானம் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். இருளாயி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவு நாற்காலியில் இருந்தபடி சொன்னார்: "அன்னிக்கு நான் குடிச்சிருந்தேன் இருளாயி."

"அன்னிக்கு நீங்க குடிக்கல. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்துதான் முறிச்சீங்க."

அவர் அழுதார். மூக்கில் ஒழுகியதைப் புறங்கையால் துடைத்து அதையே நெற்றியில் தேய்த்தார். விபூதி குழைந்து கன்னத்தில் வழிந்தது. இத்தனை வருடமாக இருளாயி ஒன்றை நினைத்திருந்தாள்: என்றைக்காவது இந்த மனிதர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசினால் தனக்குள் இறுகிப்போனது கொஞ்சம் தளரும் என்று. பேசிவிட்டார். தளரவில்லை. அந்த வார்த்தையிலும் குடியின் மேல் பழியைப் போடப் பார்த்தார். எதிரில் மூக்கொழுகிக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வருடம் முடிவதற்குள் அவள் ஜெலாப்பாங்கில் மங்களத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. பஸ்ஸுக்கு அலைய முடியவில்லை, கேண்டின் பக்கத்தில் இருந்தால் வசதி என்று அக்கம்பக்கத்துக்குச் சொன்னாள். அவர்கள் நம்பவில்லை, நம்பவேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. மோதிரத்தை அவள் விடவில்லை. காலையில் போட்டுக்கொள்வாள், கேண்டினில் தட்டுக் கழுவ உட்காரும் முன் நகத்தால் தள்ளிக் கழற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள், வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்வாள். அதை அப்பாவு போட்ட மோதிரமாக அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. போட்டது அவர் இல்லையே.

சீனிக்குக் கல்யாணம் நின்றுபோகவில்லை. காம்பார்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. அவள் வந்த பிறகு மாமனாரின் கால் வேலை அவள் தலையில் விழுந்துவிடுமோ என்று இருளாயி கவலைப்பட்டாள். மருமகள் வந்த வாரமே ஜெலாப்பாங்கிலிருந்து போய்ச் சீனியிடம் பேசினாள். நீ கட்டுகிறவரைக்கும் கட்டு, முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் விடு, அந்தப் பெண் கையில் கொடுத்தாயானால் நான் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாள். சீனி தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றான். சொன்னபடி செய்தான் என்றுதான் தெரிகிறது.

எண்பத்தாறில் அப்பாவுவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருளாயி கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று தடவை போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டவில்லை. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர், இவள்தான் என் சம்சாரம், தெய்வம் மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தி அப்படியேதான் இருந்தது. அதற்குப் பிறகு கஞ்சியை மங்களத்திடம் கொடுத்தனுப்பினாள்.

இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டு அவர் போய்ச்சேர்ந்தார். புந்தோங் வீட்டில் பந்தல் போட்டு எடுத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, இருளாயி எப்போது அழுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வராததை வரவழைக்கவும் அவள் முயலவில்லை. செய்யவேண்டிய சடங்குகளை ஒன்றுவிடாமல் செய்தாள்.

கருமாதி முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் சன்னாசி அவளிடம் வந்து, ஐயாவின் படத்தைக் கோயில் மண்டபத்தில் மாட்டலாம் என்று கமிட்டியில் பேசியிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா சம்மதம் வேண்டும் என்றார்.

"மாட்டுங்க அண்ணே," என்றாள் இருளாயி. "நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு சின்ன முனியாண்டி கோயில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கேண்டின் பெண்களோடு அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள்.